தரிசு என்று எழுதினோம், ஏன் தரிசு என்று எழுதக் கட்டம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது என்று அறிவிப்பு வந்தபோது அந்தச் செய்தியை வெட்டி எடுத்து டைரிக்குள் வைத்துக்கொண்டேன். சந்தோஷமான செய்திதான். அந்த மாதிரி ஓர் எண்ணுக்குள் போய்ச் சேர்கிற கணக்குகளில் ஒரு சிறு துளியை எடுத்துக் கொடுக்கும் வேலையை 32 வருடம் செய்தவள் நான். 1986-ல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் புள்ளிவிவரப் பணியில் சேர்ந்து, 2018-ல் ஓய்வு பெற்றேன். எத்தனை பேர் வெயிலில் நடந்து அந்த எண் வருகிறது என்று தெரிந்ததால் அதைக் குறைத்துப் பேச மனம் வராது. ஆனால் அதற்குள் எது வரவே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கெட்டுப்போன தண்ணீருக்கும் நிலத்துக்கும் வருடாந்திரக் கணக்கு எடுப்பதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. ‘நெல் விளைச்சல் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ’ என்று பத்திரிகையில் வருகிறதே, அது இதிலிருந்து வருவதுதான். எந்த வயல் என்பதை நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. ரேண்டம் எண் அட்டவணையில் எந்த சர்வே நம்பர் விழுகிறதோ அங்கேதான் போக வேண்டும். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணை சொல்கிறபடி அடி எண்ணி உள்ளே போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, நாலு முளை அடித்துக் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுக்க வேண்டும். அங்கேயே அடித்து, தூற்றி, கிராம் சுத்தமாக எடை போட வேண்டும். அப்புறம் நெல்லில் கொஞ்சம் எடுத்துக் காயவைத்து, காய்ந்த எடையையும் எழுத வேண்டும். ஈரம் எவ்வளவு என்பதற்குக்கூட எங்களிடம் கட்டம் உண்டு.

1993 என்று நினைவு. பாலாற்றங்கரையில் ஒரு கிராமம், வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், தோல் பதனிடும் ஆலைகள் உள்ள பகுதி. அன்றைக்கு விழுந்த வயல் ஒரு பெரியவருடையது. கயிறு கட்டும்போதே பார்த்தேன், கதிர் பாதிக்குப் பாதி பதர். எடை போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கிணற்றடிக்குப் போய் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து என் முன்னால் வைத்தார். குடிக்கத்தான் தருகிறார் என்று கை நீட்டினேன். “குடிக்காதம்மா, பாரு” என்றார். மங்கலான செம்பழுப்பு நிறம். மேலே மெல்லிய நுரை, அடியில் மை கரைத்த மாதிரி ஒரு படலம். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. “எங்கப்பா காலத்துல இதே கெணத்துத் தண்ணியிலதான் பருப்பு வேகும். இப்ப மாடு மூஞ்சியத் திருப்பிக்குது. நீ நெல்லை எழுதிட்ட. இதை எங்கம்மா எழுதுவ?” என்று கேட்டார்.

படிவத்தைப் புரட்டினேன். விதை, உரம், பாசன ஆதாரம், பூச்சித் தாக்குதல் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பாசன ஆதாரம் என்ற இடத்தில் ‘கிணறு’ என்று நான் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ‘கிணற்று நீர் கெட்டுவிட்டது’ என்று எழுதினேன். அவருக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். படிவங்களைத் தொகுக்கும்போது எண் உள்ள கட்டங்களைத்தான் கூட்டுவார்கள், குறிப்பைக் கூட்ட முடியாது. என் மூன்று வார்த்தை அந்தத் தாளோடு நின்றுபோனது. எடை மட்டும் மாவட்டத்துக்குப் போய், சென்னைக்குப் போய், டெல்லிக்கும் போனது.

அடுத்த வருடம் அதே கிராமத்துக்குப் போனபோது அந்த வயலில் பயிரே இல்லை. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், அதைத் ‘தரிசு’ என்று எழுதியிருந்தார். அது சரியான பதிவுதான். எங்கள் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் நிலத்தை ஒன்பது வகையாகப் பிரிப்போம். இந்த வருடம் மட்டும் பயிர் வைக்காமல் விட்டால் நடப்புத் தரிசு. ஒரு வருடத்துக்கு மேல் ஐந்து வருடம் வரை கிடந்தால் இதரத் தரிசு. ஐந்து வருடமும் தாண்டிவிட்டால் அது போய்ச் சேரும் பத்தியின் பெயர் ‘சாகுபடிக்கு ஏற்ற தரிசு’. தோல் கழிவின் உப்பு ஏறி வெள்ளை பூத்துக் கிடந்த மண்ணைச் ‘சாகுபடிக்கு ஏற்ற’ என்ற தலைப்பின் கீழ் என் கையால் கூட்டி எழுதியிருக்கிறேன். யாரும் பொய் எழுதச் சொல்லவில்லை. விதிமுறைப்படி அதுதான் அதற்குரிய இடம். மழை பெய்யாமல் தரிசானதும், ஆள் கிடைக்காமல் தரிசானதும், மகன் பெங்களூர் போய்விட்டதால் தரிசானதும், விஷம் ஏறித் தரிசானதும் ஒரே பத்தியில் ஒரே கூட்டலில் கலந்துவிடும். கலந்தபின் பிரித்தெடுக்க வழியே கிடையாது.

விளைச்சல் குறைந்தால் விவசாய வருமானமும் குறைந்துதானே காட்டும், அது கணக்கில் வந்துவிடுகிறதே என்று சிலர் கேட்பார்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைவு விவசாயத்தின் பலவீனமாகப் பதிவாகும். அதே வருடத்தில் தோல் ஏற்றுமதி தொழில்துறையின் பலமாகப் பதிவாகும். இரண்டுக்கும் நடுவில் ஓடின ஒரு வாய்க்கால் எந்தக் கணக்கிலும் இருக்காது. அப்புறம் கிணறு போனதால் ஊரில் கேன் தண்ணீர் வியாபாரம் வரும், அதுவும் உற்பத்தி. மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் இழுத்து வந்து பாலாற்றங்கரை ஊர்களுக்குக் கொடுக்கிறோம், அந்தக் குழாயும் பம்பும் முதலீடு. அந்தத் திட்டம் இல்லையென்றால் எங்கள் வீட்டில் இன்று குடிக்கத் தண்ணீர் இல்லை, அதனால் நன்றியோடுதான் சொல்கிறேன். என் சிறு வயதில் ஆற்று மணலில் ஒரு முழம் ஊற்றுத் தோண்டினால் கிடைத்த தண்ணீருக்குக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். அது போனபோது கழித்ததும் பூஜ்யம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் தோல் தொழிலுக்கு எதிரி இல்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார்கள், என் தங்கை மகளும் அங்கேதான் தைக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பாலாற்றைக் கெடுத்தது தோல் மட்டும் என்றும் சொல்ல மாட்டேன், மணலை அள்ளியதும் சேர்த்திதான். ஆலைகளின் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது என்றும் சொல்கிறார்கள். எவ்வளவு மாறியது, எந்த வருடம் மாறியது, எந்த ஊரில் மாறவில்லை? இதற்கெல்லாம் பதில் சொல்லும் ஒரு வருடாந்திரக் கணக்கு இருந்தால் ஒழுங்காகச் சுத்திகரிக்கும் முதலாளிக்குத்தான் முதல் லாபம், ஊர் முழுவதற்குமான பழியை அவர் சுமக்க வேண்டியதில்லை.

கணக்கு இல்லாததால் என்ன ஆனது என்பதற்கு எங்கள் மாவட்டத்தின் வழக்கே போதும். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிரிட லாயக்கற்றுப் போனது என்று அதில் இருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் எடுத்த ஒரு கணக்கெடுப்பிலிருந்து. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற எண்ணும் தீர்ப்பில் உண்டு, அதை எடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். நாங்கள் வருடா வருடம் அதே வயல்களில் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். நீதிமன்றம் கேட்ட எண் எங்களிடம் இல்லை.

பிறகு இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2001 மார்ச்சில் அது 547 தோல் ஆலைகளிடமிருந்து 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் வாங்கித் தர வேண்டும் என்றது. 1991 ஆகஸ்டிலிருந்து 1998 டிசம்பர் வரைக்குமான இழப்பு அது. பழைய பழக்கத்தில் நான் அதை வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஏறக்குறைய 9,200 ரூபாய். ஏழு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு. மாதத்துக்குச் சுமார் 100 ரூபாய் வருகிறது. எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து காட்டிய பெரியவரின் முகம்தான் கண்முன் நின்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி இதை எடுத்து, நஷ்ட ஈட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. அதற்குள் வழக்குப் போட்டு ஏறக்குறைய 34 வருடம் ஆகியிருந்தது. 1999-லிருந்து வருடம் தவறாமல் ‘இந்த ஊரில் இத்தனை கிணறு, இத்தனை ஏக்கர், இந்தக் காரணம்’ என்று எழுதி வைத்திருந்தால், இன்று யார் வந்து கேட்டாலும் பசலி எண்ணை, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டைச் சொல்லிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்கலாம்.

சரி, இதற்குச் சட்டம் எதற்கு என்ற கேள்வி வரும். மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2018-லிருந்து சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிடுகிறது. காடு, மண் வளம், நீரின் தரம் என்று பல. பேராசிரியர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையில் ஒரு குழு அமைத்து, 2013-ல் அறிக்கையும் வாங்கினார்கள். ஐ.நா. புள்ளியியல் ஆணையம் இதற்கென்று 2012-லேயே ஒரு சர்வதேச முறையை ஏற்றுக்கொண்டது. இதில் உழைப்பவர்கள் எங்கள் ஆட்கள்தான், அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது வெளியிட்டால் உண்டு, வெளியிடாவிட்டால் கேட்க ஆள் இல்லை என்ற நிலையில் நடக்கிற வேலை. ஒரு மாவட்டத்துக்கும் ஒரு தொழிலுக்கும் பொருத்திப் பார்க்கிற அளவுக்கு அது இறங்கி வருவதும் இல்லை.

2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தைப் பாருங்கள். பொருளாதாரம், மக்கள்தொகை, சமூகம், அறிவியல் இவற்றோடு ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லும் அதன் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. அரசு இவை பற்றிப் புள்ளிவிவரம் சேகரிக்க உத்தரவிடலாம் என்கிறது. ‘லாம்’. தகவல் கேட்கப்பட்டவர் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்கிற சட்டம், கேட்க வேண்டிய அரசை மட்டும் ‘லாம்’ என்று விட்டுவிடுகிறது. தொழிற்சாலைகளின் வருடாந்திரக் கணக்கெடுப்பு இந்தச் சட்டத்தின்படிதான் நடக்கிறது. அதன் படிவத்தில் நிலம், கட்டடம், இயந்திரம் என்று சொத்துகளை எழுதும் பகுதியில் ‘மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனம்’ என்று தனி வரி உண்டு. அந்தச் சாதனத்தின் விலையைக் கேட்போம், அது வருடத்துக்கு எவ்வளவு தேய்ந்தது என்றும் கேட்போம். அந்தச் சாதனம் எதைக் காப்பாற்ற வாங்கப்பட்டதோ, அந்த ஆறு எவ்வளவு தேய்ந்தது என்ற வரி கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் இதை வேறு மாதிரி செய்தது. 2011 ஜூலையில் 691 என்ற எண்ணில் ஒரு சட்டம் கொண்டுவந்து, உறுப்பு நாடுகள் எல்லாம் மூன்று கணக்குகளை வருடம்தோறும் கொடுத்தே தீர வேண்டும் என்றது: எந்தத் தொழில் காற்றில் எவ்வளவு கழிவை விடுகிறது, எந்தத் தொழில் எவ்வளவு சுற்றுச்சூழல் வரி கட்டுகிறது, நாடு எத்தனை டன் பொருளை இயற்கையிலிருந்து எடுத்துப் புழங்குகிறது. தயாராக இல்லாத நாடுகளுக்குக் கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்தார்கள். 2014-ல் எரிசக்தி, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் செலவு, சுற்றுச்சூழல் சார்ந்த பொருள்களும் சேவைகளும் என்று மூன்றைச் சேர்த்தார்கள். 2024-ல் காடு, இயற்கைச் சூழல் அமைப்புகள், சுற்றுச்சூழல் மானியம் மூன்றையும் சேர்த்தார்கள். தண்ணீருக்கென்று தனிக் கணக்கு அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. நமக்கு முதலில் வேண்டியது அதுதான் என்பதால் அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு ஏற்பாடு. ஜிடிபி கணக்கில் தொழில்களை எப்படி வகைப்படுத்துகிறார்களோ, அதே வகைப்பாட்டில்தான் கழிவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே வரியில் இடது பக்கம் அந்தத் தொழில் ஈட்டியது, வலது பக்கம் அது வெளியே விட்டது என்று இரண்டும் வந்து நிற்கும். என்னைப் போல் அட்டவணைகளோடு வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இன்று நம் ஊரில் தொழிலின் வருமானம் ஒரு துறையில், கழிவு நீர் அளவு இன்னொரு துறையில், நிலத்தடி நீர் மூன்றாவது துறையில், தரிசு நிலம் வருவாய்த் துறையில் இருக்கிறது. ஒருவர் எல்லை குறுவட்டம், ஒருவர் எல்லை ஆற்று வடிநிலம், ஒருவர் எல்லை தாலுகா. நாலையும் ஒரு தாளில் வைக்க நான் ஒரு முறை சொந்த ஆர்வத்தில் முயன்று, மூன்று வாரம் உட்கார்ந்தும் முடியாமல் விட்டேன்.

சட்டம் இல்லாமல் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா சாட்சி. 2004-ஆம் ஆண்டுக்கான ‘பசுமை ஜிடிபி’ கணக்கை 2006-ல் வெளியிட்டார்கள். மாசினால் ஏற்பட்ட இழப்பு ஜிடிபியில் 3.05 சதவீதம் என்று வந்தது. மாகாண நிர்வாகங்களுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வருடத்து அறிக்கை வெளிவராமலே நின்றுபோனது. கசக்கிற எண்ணை வெளியிடாமல் இருக்க எந்த அரசுக்கும் ஆசை வரும், கட்சி எதுவானாலும். அதனால்தான் வெளியிடும் தேதியைச் சட்டம் குறிக்க வேண்டும் என்கிறேன். நம் தேசியப் புள்ளியியல் ஆணையமே 2005-ல் ஓர் அரசுத் தீர்மானத்தால் உருவானதுதான், அதற்கும் சட்ட பலம் கிடையாது.

எண்ணோடு பணம் சேர்ந்தால் நம் ஆட்சியாளர்கள் அதை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நல்ல உதாரணமும் உண்டு. 15-வது நிதிக் குழு மாநிலங்களுக்கு வரிப் பங்கு பிரிக்கும்போது காடு, சூழலியலுக்கு 10 சதவீத எடை கொடுத்தது. காட்டின் பரப்பு குறைந்தால் கஜானாவில் தெரியும். கிணறு செத்தால் எந்த கஜானாவிலும் தெரியாது.

தண்ணீருக்கு விலை போடுவது பெரிய சச்சரவு, ஆளுக்கு ஒரு விலை சொல்வார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலை போட வேண்டாம், அளவை மட்டும் முதலில் எழுதுங்கள். எத்தனை லட்சம் லிட்டர் எடுத்தார்கள், எத்தனை விட்டார்கள், விட்டதில் உப்பு எவ்வளவு, எத்தனை கிணற்றில் என்ன மாற்றம், எத்தனை ஏக்கர் எதனால் தரிசு. ஐரோப்பியர்களும் வரி தவிர மற்ற இரண்டையும் டன் கணக்கில்தான் ஆரம்பித்தார்கள். இயற்கை வளம் தீர்ந்துபோவதை உற்பத்திச் செலவாகவே கழிக்க வேண்டும் என்று ஐ.நா. 2025-ல் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு முறையும் சொல்கிறது. கழிக்க வேண்டுமென்றால் முதலில் அளவு வேண்டுமே.

தமிழ்நாடு இதற்கு டெல்லியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2008 சட்டம் மாநில அரசுக்கும் அதிகாரம் தருகிறது. சட்டமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்து, மாநில மொத்த உற்பத்தி வெளியாகும் அதே நாளில், அதே தொழில் வகைப்பாட்டில், மாவட்ட வாரியாகத் தண்ணீர், நிலம், கழிவுக் கணக்கு வெளியாக வேண்டும் என்று கட்டாயமாக்கலாம். நிலப் பயன்பாட்டுப் படிவத்தில் ‘தரிசுக்குக் காரணம்’ என்று ஒரே ஒரு கட்டம் சேர்த்து, அதற்கு எண் குறியீடு கொடுத்துவிட்டால் போதும்: மழையின்மை 1, ஆள் இன்மை 2, நீர் கெட்டது 3 என்று. எண்ணாக இருந்தால் கூட்டுவார்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு அதை எழுத ஒரு நிமிடம் ஆகும். மனுநீதி நாள் முகாமில் மனுவாகவும் கொடுத்தேன், பெற்றுக்கொண்டதற்கு ரசீது வந்தது. உங்கள் பத்திரிகையில் வந்தால் சட்டமன்ற உறுப்பினர்கள் யாராவது படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் எழுதியதையெல்லாம் அன்றன்றைக்கு வீட்டுக்கு வந்து என் சொந்த டைரியிலும் எழுதி வைத்தேன். யார் பெயரும் இருக்காது. ஊர், மாதம், கிணற்றுத் தண்ணீரின் நிறம், கரிப்பு, மாடு குடிக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். 1991 முதல் 2018 வரை 28 டைரிகள் இருக்கின்றன. இரண்டைக் கரையான் அரித்துவிட்டது, மற்றவை நன்றாகப் படிக்க முடிகிறது. இந்தக் கணக்கை எடுக்க அரசோ ஒரு கல்லூரியோ முன்வந்தால் கொடுக்கத் தயார். கண் நன்றாக இருக்கும்போதே யாராவது கேட்டால் கூட உட்கார்ந்து என் கையெழுத்தையும் படித்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆய்வாளர்,
ஆம்பூர் வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்.